வீட்டுக்காரரின் பெயர்

கூவினாள் என்பது உண்மைதான். யார் இல்லை என்றார்கள்? செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கழுத்தில் அளவு டேப் தொங்க, காலில் செருப்பில்லாமல், வீட்டுக் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டுத் தையல்காரி தெருவில் இறங்கினாள். இறங்கி, புருஷன் பேரைச் சொல்லிக் கூவினாள். நாலு தெருவுக்குக் கேட்டது. அதுவரைக்கும் பொய்யில்லை. அதற்கு மேல் மாவுமில்காரி ஒட்டவைக்கிறாளே ஒரு வால், அதைத்தான் இன்றைக்கு நறுக்க வேண்டியிருக்கிறது.

"வெளிநாட்டுல ஒரு தடவை பேரைச் சொன்னா, மூணே மாசத்துல மனுஷனுக்கு வாய் கோணிப் போச்சு. இப்ப ரெண்டாந்தடவையும் சொல்லிட்டா. இனி மிச்சம் என்ன இருக்கு?" என்று மில்லில் அரைபடும் மாவைவிட நைசாக அரைத்து, வருகிறவர் பாத்திரத்தில் எல்லாம் ஒரு கை போட்டு அனுப்புகிறாள்.

பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்றால், தினமும் பிள்ளைகள் பேரை வரிசையாக வாசிக்கும் பள்ளிக்கூடத்து டீச்சர் எத்தனை கொலைக்குப் பதில் சொல்ல வேண்டும்? ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுகிற நர்ஸைத் தூக்கில் அல்லவா போட வேண்டும்? இவ்வளவு பேசுகிற மாவுமில்காரி தன் புருஷனை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "யோவ்"தான். அந்த நல்ல மனுஷன் ஐம்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார். "யோவ்" கொன்றது என்று யாராவது சொன்னார்களா?

நடந்ததை நடந்தபடி கேட்டுவிட்டு, அப்புறம் யாருக்கு எது தோன்றுகிறதோ பேசட்டும்.

தையல்காரி பயந்த சுபாவக்காரி. பயத்துக்கு ஒரு கடை வைத்தால் அவள்தான் முதலாளி. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், லிஃப்ட்டுக்குப் பயம், ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருக்கிற எந்த மனிதருக்கும் பயம். முன்னறையில் மெஷின், ஜன்னலோரம் வெட்டு மேஜை, கம்பியில் வரிசையாக மாட்டிய ரவிக்கைகள். அந்த அறைக்குள் மட்டும் அவள் ராணி. கத்தரிக்கோலைப் பிடித்துவிட்டால் கை ஆடாது. வாசலைத் தாண்டினால் ஆடும்.

வெளியே போகவேண்டும் என்றால், கதவைப் பூட்டுவாள். பூட்டை இழுத்துப் பார்ப்பாள். நாலடி நடப்பாள். திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள். அதற்குள் அவள் வீட்டுக்காரர் தெருமுனையில் நின்று கேட்பார்.

"பூட்டினியா?"

"பூட்டினேங்க."

"நல்லா பூட்டினியா?"

"நல்லாத்தாங்க பூட்டினேன்."

"பேசாம கதவையும் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போயிடலாம்மா. நிம்மதியா இருக்கும்."

முப்பத்துநாலு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். தெருவில் எல்லாருக்கும் மனப்பாடம்.

அவர் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தவர். ஊர் முழுக்க மீட்டர்காரர் என்றால்தான் தெரியும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குந்தி உட்கார்ந்து, இரும்பு மூடியை ஒரு கொக்கியால் தூக்கி, டார்ச் அடித்து, நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். அவருக்கு எதுவுமே பயமில்லை. மூடிக்குள் பாம்பு இருந்த நாளில்கூட, "நீயும் தண்ணி குடிக்க வந்தியா" என்று கேட்டுவிட்டு மூடியை வைத்துவிட்டு வந்தவர்.

தையல்காரி அவரை "என்னங்க" என்பாள். மற்றவர்களிடம் பேசும்போது "எங்க வீட்டுக்காரர்" என்பாள். பேர் மட்டும் வாயில் வராது. கல்யாணத்துக்கு முதல் நாள் அவள் அம்மா தலை வாரிவிட்டுக்கொண்டே சொன்னது: "பொண்டாட்டி வாயால பேர் வந்தா புருஷன் ஆயுசுல ஒரு பிடி குறையும்." ஒரு பிடி என்றால் எவ்வளவு என்று அந்த அம்மா சொல்லவில்லை. அதனால் இவள் கணக்கில் அது எவ்வளவாகவும் இருக்கலாம். நாயும் இடியும் லிஃப்ட்டும் எல்லாம் அதற்குப் பிறகு பிறந்த பயங்கள். மூத்த பயம் அதுதான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வாரம் மீட்டர்காரர் ஒரு படத்தைக் கொண்டுவந்து வெட்டு மேஜையில் வைத்தார். கடல் தாண்டிக் கிழக்கே ஒரு நாடு. ஆறு, மலை, மரப்பாலம். படத்தில் ஒரு மனிதரும் இல்லை.

"இங்க போறோம்."

"யாரு போறாங்க அங்கெல்லாம்?"

"யாரும் போறதில்லையாம். டிக்கெட் போடறவரே ரெண்டு தடவை கேட்டாரு, நிஜமாவான்னு."

"அப்ப நமக்கு மட்டும் என்ன தலையெழுத்து?"

மீட்டர்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முப்பத்தாறு வருஷம் ஊர்ல இருக்கிற எல்லா வீட்டுக்கும் போயிருக்கேன். வாசப்படியோட சரி. உள்ள வான்னு ஒருத்தரும் சொன்னதில்லை. ஒரு இடத்துக்காவது உள்ள போய்ப் பாத்துட்டு வரணும்மா. தனியாப் போக எனக்கு இஷ்டமில்லை."

கடைசி வாக்கியம்தான் அவளைக் கவிழ்த்தது. மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். போனிலேயே எல்லா ஏற்பாட்டையும் செய்தாள். பதினோரு நாள் பயணம். கிளம்பின அன்று தையல்காரி பூட்டை இழுத்துப் பார்க்க ஏழு தடவை திரும்பினாள்.

போய் இறங்கின இடத்தில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. கடைப் பலகைகளில் சிக்குப்பிடித்த நூல் மாதிரி எழுத்து. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று தெரியாது. ரோட்டைக் கடக்கவேண்டும் என்றால் மோட்டார் சைக்கிள்கள் ஆற்றுத் தண்ணீர் மாதிரி வந்துகொண்டே இருந்தன. ஜனங்கள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். தங்கின அறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, தாழ்ப்பாள் விழும் ஓட்டை இல்லை. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். நாற்காலி மேல் பெட்டியை வைத்தாள். பெட்டி மேல் செம்பை வைத்தாள், யாராவது தள்ளினால் விழுந்து சத்தம் வரட்டும் என்று. விடிந்ததும் அதை மறந்துவிட்டு மீட்டர்காரரே கதவைத் திறக்க, செம்பு அவர் கட்டைவிரலில் விழுந்தது.

"திருடன் வந்தா நான் சத்தியமா காட்டிக்கொடுக்கிறேன்மா. என்னை மட்டும் விட்டுடு," என்றார் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு.

இரண்டாம் நாள் படகில் ஆற்றைத் தாண்டும்போது குனிந்து தண்ணீரைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி ஆற்றுக்குள் போய்விட்டது. அவர் சிரித்தார். அவள் யோசனை வேறு பக்கம் ஓடியது. இன்றைக்குக் கண்ணாடி, நாளைக்கு பாஸ்போர்ட். அது போய்விட்டால் இந்த மனிதர் யார் என்று இங்கே யாருக்குத் தெரியும்?

அன்று சாயங்காலமே ஊசி நூலை எடுத்தாள். தன் உள்பாவாடையில் உள்பக்கமாக ஒரு பை வைத்து, அவர் பாஸ்போர்ட்டை அதில் போட்டு, வாயைச் சங்கிலித் தையலால் மூடினாள். சங்கிலித் தையல் என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் கோத்துப் போவது. முடிந்த முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் சரசரவென்று பிரிந்துவிடும். ஆரம்பித்த முனையை இழுத்தால் இறுகும். தன்னுடைய பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள்.

"உன்னுதைத் தைக்கலியா?"

"நான் தொலைஞ்சா நீங்க தேடுவீங்க. நீங்க தொலைஞ்சா நான் எங்க போய்த் தேடுவேன்?"

ஐந்தாம் நாள் மலைப்பக்கம் போகிற வேனில் ஏறினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் அந்த நாட்டுக்காரர்கள். மத்தியானம் ஒரு பாலத்துக்கு முன்னால் வேனை நிறுத்தினார்கள். தடுப்புக் கட்டை, இந்தப் பக்கம் ஒரு வராண்டா, அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. சீருடைக்காரர்கள் எல்லாரையும் இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். பெண்கள் வராண்டாவுக்கு, ஆண்கள் கொட்டகைக்கு. மீட்டர்காரர் போகும்போது திரும்பி, "பயப்படாத, அஞ்சு நிமிஷம்," என்றார்.

அங்கேதான் எல்லாம் கோணலாய்ப் போயிற்று. அவர் கையில் காகிதமில்லை. கேட்டிருப்பார்கள். அவர் வராண்டாவைக் காட்டி, அவளிடம் இருக்கிறது என்று சைகை செய்திருப்பார். உடனே கொட்டகையிலிருந்து ஒருவன் இந்தப் பக்கம் பார்த்து ஏதோ கத்திக் கேட்டான். வராண்டாவில் இருந்த சீருடைக்காரி கையில் ஒரு போன் வைத்திருந்தாள். அவள் அதில் பேச, அது தமிழில் திருப்பிச் சொன்னது. தமிழ் என்றால் நாம் பேசுகிற தமிழ் இல்லை.

"உம்முடன் ஆண் ஒருவர் பயணம் செய்கின்றாரா?"

அந்நிய தேசத்தில் ஒரு போன் தன்னிடம் ராஜா மாதிரி தமிழ் பேசியதில் தையல்காரிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாயால் சொல்லாமல், நம் எல்லாரையும் போலத் தலையை ஆட்டினாள். அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம். நமக்கு அது "ஆமாங்க, பின்னே இல்லாமலா?" சீருடைக்காரிக்கு அது "இல்லை".

அவள் கொட்டகையைப் பார்த்து ஒரு வார்த்தை கத்தினாள். கொட்டகைக்காரன் மீட்டர்காரரின் முழங்கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனான். கதவு மூடியது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆண்களுக்குச் சோதனை அதிக நேரம் ஆகும்போல என்று நினைத்தாள். மற்ற ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வேனில் ஏறினார்கள். கதவு மட்டும் திறக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். சீருடைக்காரி இவளைப் பார்த்து, போ, போய் ஏறு என்று கையை வீசினாள். தையல்காரி ஏறவில்லை. வேன் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விட்டால் வண்டி போய்விடும் என்று. டிரைவர் கெஞ்சுகிற மாதிரி ஏதோ சொன்னார். பிறகு அவள் விரல்களை மெதுவாக, ஒன்றொன்றாக எடுத்துவிட்டார். பெட்டியை இறக்கி அவள் காலடியில் வைத்துவிட்டு, பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

புழுதி அடங்கியது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தனக்குத் தெரிந்த ஒரே மனிதர் ஒரு தகரக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார். இந்தப் பக்கம் தான் இருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் இருபதடி ரோடு.   அந்தச் சமயத்தில் போய் அவள் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? சீருடைக்காரியின் தோள்பட்டைத் தையல். இழுத்துப் பிடித்திருந்தது. துணியைச் சுருக்கிக் கொடுக்காமல் சட்டைக்கையை வைத்துத் தைத்திருக்கிறான் எவனோ. பயம் முற்றினால் புத்தி இப்படித்தான் தெரிந்த இடத்தில் போய் ஒண்டிக்கொள்ளும்.

அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட் ஞாபகம் வந்தது. வராண்டாச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, புடவைக்குள் கையை விட்டு நூல் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தாள். இறுகியது. இன்னும் இழுத்தாள். இன்னும் இறுகியது. முப்பது வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள், தான் போட்ட தையலில் தானே ஆரம்ப முனையைப் பிடித்து இழுக்கிறாள். அது தெரிந்தும் மறுமுனை கைக்கு அகப்படவில்லை. கடைசியில் துணியையே கிழித்தாள். அந்தக் கிழிசலை வீட்டுக்கு வந்த பிறகும் அவள் தைக்கவில்லை.

பாஸ்போர்ட்டை நீட்டியதும் நிலைமை சரியாகும் என்று நினைத்தாள். இன்னும் கெட்டது. ஆள் துணை இல்லை என்று தலையாட்டினவள், பாவாடைக்குள்ளிருந்து ஓர் ஆணின் பாஸ்போர்ட்டை உருவுகிறாள் என்றால் எந்தச் சீருடைக்காரிதான் சும்மா விடுவாள்? இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நம் பேர்களுக்குப் பின்னால் அப்பா பேர்தானே ஒட்டிக்கொண்டு வருகிறது? அவருக்கு அவர் அப்பா, இவளுக்கு இவள் அப்பா. ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

"இவர் உமக்கு யாவர்?" என்றது போன்.

அதிகாரியிடம் பேசுகிறோம், மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று, "எங்க வீட்டுக்காரர்ங்க," என்றாள்.

போன் அதைக் கேட்டுத் தன் மொழியில் சொன்னது. சீருடைக்காரியின் புருவம் மேலே போயிற்று. அவள் திருப்பிக் கேட்டதைப் போன் தமிழாக்கியது.

"உமக்கு வாடகைக்கு வீடு அளித்தவரின் ஆவணம் உமது ஆடைக்குள் ஏன் உள்ளது?"

தையல்காரி திகைத்தாள். பிறகு புரிந்ததும் பதறிப்போய், "ஐயோ இல்லீங்க, புருஷன், எம் புருஷன்," என்றாள்.

போன் இந்தத் தடவை சரியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நம்பிக்கை போய்விட்டது. முதலில் ஒருவரும் இல்லை, அப்புறம் வீட்டுச் சொந்தக்காரர், இப்போது புருஷனா? சீருடைக்காரி மீட்டர்காரரின் பாஸ்போர்ட்டை மூடி, உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"கணவர் எனில் அவரது நாமம் யாது?"

நாமம் என்ற சொல்லை ஏமாந்தவர் கதைகளில்தான் அவள் கேட்டிருக்கிறாள். யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஒரு நொடி குழம்பினாள். சீருடைக்காரி பாஸ்போர்ட்டைத் தட்டிக் காட்டினாள். பேர். பேர் கேட்கிறாள்.

வாயைத் திறந்தாள். வரவில்லை. வந்தால் ஒரு பிடி போய்விடும் என்று அம்மாவின் குரல் காதோரம், தலை வாரும் சீப்போடு சேர்ந்து கேட்டது. பேனா வேண்டும் என்று கையால் காட்டினாள். எழுதுவதற்கு ஒரு தடையும் இல்லை, எத்தனையோ படிவத்தில் எழுதியிருக்கிறாள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் அழகாக எழுதிக் கொடுத்தாள். சீருடைக்காரி அதை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், தலைகீழாகவும் பார்த்தாள். இவளுக்கு அவர்கள் எழுத்து சிக்குநூல் என்றால் அவளுக்கு நம் எழுத்து என்ன பட்டுநூலா? டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனை வாயருகே நீட்டினாள்.

கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுக்குள், பேரைச் சொன்னாள். நாலே எழுத்து.

போன் என்ன செய்தது? நம் பேர்களுக்கெல்லாம் அர்த்தம் இருந்து தொலைக்கிறதே, அந்த அர்த்தத்தைப் பிடித்து அவர்கள் மொழியில் சொல்லிவிட்டது. சீருடைக்காரி இல்லை என்று தலையசைத்தாள். அவர்கள் ஊர்த் தலையசைப்பு, சந்தேகத்துக்கே இடமில்லாதது. ஆயுசில் ஒரு பிடியைக் கொடுத்தும் ஆள் கிடைக்கவில்லை.

அப்போதுதான் கொட்டகைக்குப் பின்னால் ஒரு ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஏற்றிக்கொண்டு போகப் போகிறார்கள்.

தையல்காரி போனையும் தள்ளினாள், சீருடைக்காரியையும் தாண்டினாள், ரோட்டுக்கு நடுவில் வந்து நின்று, தகரக் கதவைப் பார்த்துப் பேரைக் கூவினாள். முப்பத்துநாலு வருஷம் தொண்டைக்குள் கிடந்த பேர், துருப்பிடித்த குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி கொரகொரத்து வந்தது.  மழைத்துளி ஒன்றிரண்டு விழுந்தது. மறுபடி கூவினாள், இந்தத் தடவை முழுசாக.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு, யாரு கூப்பிடறது?"

"யாரா? நான்தாங்க!"

கதவு திறந்து தலை நீண்டது. கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளையே பார்த்தார். அந்த ஒரு பார்வை போதும், எந்தக் காகிதமும் தேவையில்லை. சீருடைக்காரி பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தாள், வாய்க்குள் அந்த நாலெழுத்தை ஓட்டிப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். தலையாட்டல் குழப்பமும் அப்போதுதான் அவிழ்ந்தது. அவள் தலையை நம்மைப் போல ஆட்டிக் காட்டி, ஆமாவா, இதா ஆமா என்று விரலால் கேட்டாள். ஜீப் வேறு வேலையாகப் போயிற்று.

அடுத்த வண்டி வரும்வரை வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது.

"இன்னொரு தடவை சொல்லேன்," என்றார்.

"சும்மா இருங்க. செஞ்ச பாவம் போதாதா?"

"நல்லா இருந்துதும்மா. வேற யாரோ ஆளைக் கூப்பிடற மாதிரி."

அவள் அவர் கையைப் பிடித்தாள். ஆடிக்கொண்டிருந்தது. பாம்புக்கு ஆடாத கை.

"வேன் போற சத்தம் கேட்டுது," என்றார், மழையைப் பார்த்துக்கொண்டு. "நீ ஏறிப் போயிட்டேன்னு நினைச்சேன்."

மிச்ச ஆறு நாளும் அவள் அவர் சட்டை நுனியை விடவில்லை. அவரும் விடச் சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? டீக்கடையில் போய், வீட்டுச் சொந்தக்காரர் ஆன கதை, நாமம் போட்ட கதை எல்லாவற்றையும் கைகால் ஆட்டிச் சொன்னார். "என் பொண்டாட்டி பாலமே அதிரக் கூப்பிட்டா தெரியுமா," என்று பெருமை வேறு. அங்கிருந்துதான் மாவுமில்லுக்கு வந்தது.

மூன்றாம் மாதம், பின்கட்டுக் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. ரத்தக்கொதிப்பு, மாத்திரையை அவர் பாதி நாள் போடுவதில்லை, டாக்டர் சொன்னது இவ்வளவுதான். ஆனால் தையல்காரி காதில் டாக்டர் விழவில்லை. அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். மெதுவாக ஒன்று. ரோட்டில் இரண்டு. மொத்தம் மூன்று பிடி. மாதமும் மூன்று.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஒரு பெண் வந்தாள். "பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. தன் பேருக்கு மூளை சீக்கிரம் திரும்பும்," என்றாள்.

"நீங்க கூப்பிடுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."

"நான் கூப்பிட்டா சுவத்தைப் பாக்கறாரும்மா."

"பரவாயில்லை. சுவத்தைப் பாத்துக்கிட்டாவது இருக்கட்டும்."

மகள் போனில் அழுதாள், கோபித்தாள். தையல்காரி அசையவில்லை. ஏழு மாதம் "என்னங்க"வோடு ஓட்டினாள். அவர் மெல்ல நடக்கப் பழகினார். நடக்கப் பழகியதும் வாசலைத் தேட ஆரம்பித்தார். அதனால் அவள் உள்பக்கம் பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள், மெஷினுக்குப் போனாள், எழுந்து வந்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். தெருமுனையிலிருந்து கேட்கத்தான் ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒருத்தி ரவிக்கை வாங்க வந்தாள். அவளை அனுப்பிவிட்டு வரும்போது மெஷினில் அடிநூல் பாபின் தீர்ந்து தையல் பாதியில் நின்றுகிடந்தது ஞாபகம் வந்தது. நேராகப் போய் உட்கார்ந்துவிட்டாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை. பூட்டவே இல்லை. நாலு சாண் தைத்துவிட்டு நிமிர்ந்தால், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. கதவு திறந்திருக்கிறது.

வாசலில் வந்து நின்றாள். இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் தெரு, இரண்டிலும் அவர் இல்லை. நாலு தெரு தாண்டினால் பஸ் போகிற பெரிய ரோடு. "என்னங்க," என்று கூப்பிட்டாள். எதிர்வீட்டுக்காரர் திரும்பினார். காய்கறி வண்டிக்காரர் திரும்பினார். என்னங்க என்றால் தெருவில் உள்ள எல்லாப் புருஷனும்தான் திரும்புவான்.

அந்த இடத்தில் அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. சொன்னால் போய்விடுவார். சொல்லாவிட்டால் போயே போய்விட்டார். பெரிய ரோட்டில் ஒரு பஸ் பிரேக் போடுகிற சத்தம் கேட்டது.

படியிறங்கினாள். செருப்பு உள்ளே, சாவி உள்ளே, பூட்டு ஆணியில் தொங்குகிறது. திரும்பிப் பார்க்கவில்லை. நடுத்தெருவில் போய் நின்று, அந்த நாலெழுத்தை அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கூவினாள். ஜன்னல்கள் திறந்தன. அடுத்த தெருமுனையில் நின்று கூவினாள். அதற்கடுத்த முனையிலும் கூவினாள். ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி போகிறது என்று எண்ணிக்கொண்டேதான் கூவினாள். அதை யாராவது கேட்டீர்களா?

நாலாவது தெருவில், மாவுமில் வாசலில் குந்தி உட்கார்ந்திருந்தார். இடது கையில் எங்கிருந்தோ எடுத்த ஒரு கம்பி. மீட்டர் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் மில் ஓடிக்கொண்டிருந்தது. மாவுமில்காரி ஜல்லடையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். ஊருக்குச் சொல்லும்போது இந்த இடத்தை மட்டும் சலித்து எடுத்துவிடுகிறாள்.

தையல்காரி பக்கத்தில் போய் நின்று, கூவாமல், சாதாரணமாக, அந்தப் பேரைச் சொன்னாள்.

மீட்டர்காரர் நிமிர்ந்தார். வெறுங்காலைப் பார்த்தார், கழுத்து டேப்பைப் பார்த்தார், வெறுங்கையைப் பார்த்தார். கோணின வாய் ஏதோ ஒன்றைத் தேடித் தேடி அசைந்தது.

"பூ... பூட்டினியா?"

"இல்லீங்க," என்றாள் தையல்காரி.